வெதர்பி கல்லறையில் அம்மாவுக்கு ஓர் இடம்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
2024 தை 21

அன்புள்ள தங்கச்சி அக்னெஸ்,

நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று தாட்சாயினி சொன்னாள். அண்ணியின் அழைப்பை எடுக்கிறாய், அண்ணனுடையதை எடுக்கமாட்டாய். நல்லது. காரில் அரை மணித்தியாலத்தில் வந்து சேரக்கூடிய தங்கச்சிக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிற ஆள் இந்த மொன்றியலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அம்மாவின் இறுதி ஆராதனை முடிந்து தேவாலய மண்டபத்தில் நீ என்னை "விசர் பிடிச்ச மனிசன்" என்று சொன்னதை நான் பெரிதுபடுத்தவில்லை. றோல்ஸ் தட்டோடு பக்கத்தில் நின்ற சண்முகலிங்கம் வாயைப் பிளந்தபடி நின்றதுதான் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. துக்கத்தில் சொன்னாய் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் காரியம் அப்படியே நிற்கிறது. நிலம் உறைந்து கிடக்கிறது. சித்திரை கடைசியில் மண் இளகினால்தான் குழி வெட்டுவார்களாம். அதுவரைக்கும் அம்மாவின் பெட்டி, குளிர்காலத்தில் இறந்த மற்ற ஆட்களின் பெட்டிகளோடு, மலையிலிருக்கிற சேமக்காலையின் கல்வீட்டில் காத்திருக்கிறது. எங்கே அடக்கம் என்பதற்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். நான் வைத்துவிட்டேன். நீ மாட்டேன் என்கிறாய். அன்றைக்கு என்னைக் கதைக்கவே விடாதபடியால் இப்போது முறையாக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பப் பெயரைக் கொண்டுவந்த நதானியேல் வெதர்பி என்பவர் 1638இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி மாசச்சூசெட்ஸில் இறங்கினார். காடு வெட்டினார், ஆற்றை மறித்துக் குளம் கட்டி மா அரைக்கிற ஆலை போட்டார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே ஆலையில்தான். நாலாம் தலைமுறையில் அமெரிக்கா இங்கிலாந்து அரசருக்கு எதிராகக் கிளம்பியது. வீட்டுக்குள்ளேயே சண்டை. மூத்தவர் ஏமஸ் அரசர் பக்கம் நின்றார். காணியைப் பறித்துத் துரத்திவிட்டார்கள். மனைவி பிள்ளைகளோடு வடக்கே வந்து மொன்றியலில் சேர்ந்தார். அகதி, தங்கச்சி. எங்களைப் போலவே அகதி! இளையவர் ஜோனதன் ஆலையோடு அங்கேயே நின்றுவிட்டார்.

அந்த ஜோனதன் வழியில் ஒருவர் பாதிரியாகி அமெரிக்க மிஷனோடு யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கும் எங்கள் ஊர்ப் பெண்ணுக்கும் பிறந்தவர்தான் அப்பாவின் பூட்டன் ஜோசையா வெதர்பி. அப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார்! பாதிரியின் பெயர் மட்டும் எனக்கு இன்னும் எந்தப் பதிவிலும் அகப்படவில்லை. அதனால் என்ன? துறைமுகத்துப் பண்டகசாலையில் முப்பது வருடம் வேலை செய்தவன் நான். காணவில்லை என்கிற பெட்டி எப்போதும் எங்கேயோ வேறு வரிசையில் இருக்கும். பாதிரியும் அகப்படுவார்.

ஏமஸ் வழியில் மிஞ்சியிருக்கிற ஒரே ஆள் எலினோர். எண்பத்தெட்டு வயது, கலியாணம் கட்டவில்லை, முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பதும் அவர் என்னை "கஸின்" என்று கூப்பிடுவதும் உனக்குத் தெரியும். மலையில் வெதர்பி குடும்பக் கல்லறையில் மூன்று இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அம்மா போன செய்தி கேட்டதும் அவராகவே சொன்னார், நம்முடைய இடம் இருக்கும்போது அம்மாவை ஏன் வேறு எங்கேயோ கொண்டுபோகிறாய் என்று. நான் கேட்கவில்லை. அவர்தான் சொன்னார்.

கையெழுத்து வைத்து அனுப்பு. உன் மகள் வினோஜாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அண்ணன் அரியரத்தினம்


வில்லரே
2024 மாசி 3

அண்ணை,

கடிதம் கிடைத்தது. வாசித்து முடியக் கோப்பி ஆறிப்போய்விட்டது. அம்மாவைப் பற்றி நாலு வரி, நதானியேலைப் பற்றி நாற்பது வரி. அம்மாவுக்கு நதானியேலைத் தெரியுமா? அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் முழங்கால் வலி, பிரஷர், வினோஜாவின் சோதனை, பக்கத்து தெப்பனர் கடையில் மீன் ரின் எப்போது மலிவு என்பது. இவ்வளவும்தான்.

மண்டபத்தில் சொன்னதை நான் திரும்ப எடுக்கப்போவதில்லை. சண்முகலிங்கத்தாருக்கு முன்னால் சொன்னதற்கு வேண்டுமானால் வருத்தம்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கோ. போன வருடம் அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, நீங்கள் திரும்பவும் மாசச்சூசெட்ஸ் போகிறீர்கள் என்று சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

"பாதிரியும் இல்லை, கீதிரியும் இல்லை" என்றா. "மிஷன் போர்டிங்கில ஏழைப் பிள்ளையளை எடுத்து வளர்த்தவை. அமெரிக்காவில இருக்கிற ஆரும் ஒரு பிள்ளையின்ர சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் எண்டு அனுப்புவினம். அனுப்புற ஆள் என்ன பேர் சொல்லுதோ, அந்தப் பேரைத்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில வைப்பினம். ஊரில எத்தினை குடும்பத்துக்கு அப்பிடிப் பேர் வந்தது! வெதர்பியும் அப்பிடித்தான். உங்கட அப்பருக்கும் தெரியும். பாதிரியின்ர வம்சம் எண்டு சொல்ல அந்த மனிசனுக்கு ஒரு பெருமை."

"அப்ப ஏன் அண்ணைக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"அவன் சந்தோசமா ஓடித் திரியிறான். விடு பிள்ளை" என்று திரும்பிப் படுத்துவிட்டா.

அம்மாவை நம்பவேண்டாம். உங்களுடைய எச்சிலை நம்புங்கோ. புரட்டாதியில் குழாயில் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினீர்கள். முடிவு வந்ததும் வினோஜாவிடம்தான் விளங்கப்படுத்தச் சொன்னீர்கள். ஐரோப்பா ஒரு துளியும் இல்லை, முழுக்க இலங்கையும் தென்னிந்தியாவும் என்று அவள் சொன்னாள். அதற்கு நீங்கள், "கொம்பனிக்காரன் குழாயை மாத்திப்போட்டான்" என்றீர்களாம். பிள்ளை வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் முகத்தைப் பார்க்கத் தெரிகிற உண்மைக்கு எச்சில் வேறு வேண்டியிருந்ததா, அண்ணை?

ஆனால் எலினோருக்கு நீங்கள் இதைச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மனிசி உங்களைச் சொந்தம் என்று நம்பி இடம் தருகிறது. பொய் சொல்லி வாங்கின மண்ணில் அம்மாவைக் கிடத்த நான் கையெழுத்து வைக்கமாட்டேன். கிழக்குப் பக்கத்துச் சேமக்காலையில் எங்கள் சபை ஆட்களின் வரிசையில் இடம் இருக்கிறது. பஸ்ஸில் இறங்கினால் வாசல். அங்கே வைப்போம். இல்லையென்றால் எலினோரிடம் உண்மையைச் சொல்லுங்கோ. அதற்குப் பிறகும் அந்த மனிசி வா என்று சொன்னால் பார்ப்போம்.

அக்னெஸ்


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
2024 மாசி 14

அக்னெஸ்,

உன் கடிதத்தை இரண்டு நாள் தாட்சாயினிக்கும் காட்டவில்லை. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறா. ஒவ்வொரு முறையும் நான் போய்வந்து படம் காட்டும்போது, "நல்ல குளிராக்கும் அங்கை" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நான் போனபிறகு உன்னோடு சிரித்திருக்கிறா.

சோதனை முடிவைப் பற்றிச் சொன்னாய். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியும். கொம்பனி மாற்றவில்லை என்றும் தெரியும். போதுமா?

ஏன் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. 2016இல் ஊருக்குப் போனேனே, ஆமி வேலி எடுத்துக் காணிகளை விட்ட நேரம். அப்பாவின் கல்லறையைப் பார்க்கத் தெல்லிப்பழைக்குப் போனேன். சேமக்காலை இல்லை. சுவர் இல்லை, கல் இல்லை, சிலுவை இல்லை. உழுதுவிட்ட தோட்டத்தைப் போல வெறும் தரை. எந்த இடத்தில் அப்பா என்று காட்ட ஒரு மரம்கூட இல்லை. நான் சும்மா ஒரு இடத்தைப் பார்த்து முழங்காலில் நின்றேன். அந்த இடம் அப்பாவுடையதா, வேறு யாருடையதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திரும்பி வந்து அம்மாவிடமும் உன்னிடமும் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அந்தக் குளிர்காலம்தான் வைத்தியர் நட என்று சொல்லி, மலையில் நடக்கத் தொடங்கினேன். ஒருநாள் சேமக்காலைக்கு ஊடாகப் போகும்போது ஒரு பெரிய கல். பனி மூடியிருந்தது. மேலே நாலு எழுத்து மட்டும் தெரிந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் துடைத்தேன். வெதர்பி. எங்கள் அப்பாவின் பெயர், கருங்கல்லில், ஒருவரும் அசைக்க முடியாதபடி. நான் அழுதேன், அக்னெஸ். ஓம், நடுவழியில் நின்று அழுதேன். நாய் கொண்டுவந்த ஒரு பெண் வந்து "சா வா, மெஸ்யூ?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டாள்.

அது எங்களுடைய கல் இல்லை என்கிறாய். அப்படியென்றால் எங்களுடையது எது? சொல்லு பார்ப்போம்.

எலினோருக்கு எப்படிச் சொல்வது? என்னுடைய படத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். வருகிற நேர்ஸ்மாருக்கெல்லாம் "என் கஸின், துறைமுகத்தில் பெரிய வேலையில் இருந்தவர்" என்று சொல்கிறார். இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு நான் அங்கே யார்? மீன் கட்லற் கொண்டுவருகிற ஒரு தமிழன்.

என்னால் முடியாது.

அண்ணன்


வில்லரே
2024 பங்குனி 2

அண்ணை,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற வழியில் மெத்ரோவில் பிரித்தேன். பிரித்திருக்கக்கூடாது. இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன். ஆஸ்பத்திரி வார்டில் எல்லாரும் கண்ணைப் பார்த்து அலர்ஜியா என்று கேட்டார்கள், ஓம் என்று சொன்னேன்.

எட்டு வருடம் அதை உங்களுக்குள்ளேயே வைத்திருந்தீர்களா? எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே. நான் என்ன சின்னப்பிள்ளையா? உங்களில் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

அம்மா உங்களைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்கவில்லை. நான்தான் சரியாக எழுதவில்லை. "இந்த வயசிலயும் இவனுக்கு ஓடித்திரியிறதுக்கு ஒரு வேலை இருக்கு" என்று சொல்லிச் சொல்லித்தான் சிரித்தா. உங்களுடைய அந்த வம்சமரத்தை, நீங்கள் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்ததை, அறைச் சுவரிலிருந்து கழற்ற விடவில்லை. வினோஜா கழற்றப் போனபோது, "கிடக்கட்டும், பிள்ளை பாவம்" என்றா. எழுபதைத் தொடுகிற உங்களைத்தான் பிள்ளை என்றா.

ஆனாலும் என் முடிவு மாறவில்லை. கட்லற் கொண்டுவருகிற தமிழனாக இருப்பதில் என்ன குறைச்சல்? அதுதானே நீங்கள்? அந்த மனிசிக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து முன்னால் இருக்கிறது நதானியேலா, நீங்களா?

ஒன்று மட்டும் எனக்குக் குடைந்துகொண்டே இருக்கிறது. அம்மா சொன்னது சரியென்றால் அந்தப் பெயரை யாரோ அனுப்பியிருக்கவேண்டும். வெதர்பி மட்டும் இல்லை, ஜோசையா வெதர்பி என்று முழுப்பெயர். முன்பின் தெரியாத ஊரில், முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு இந்தப் பெயரைத்தான் வையுங்கள் என்று ஒரு ஆள் ஏன் சொல்லவேண்டும்? சும்மா சொல்லுமா? நீங்கள் இவ்வளவு நாளும் இல்லாத பாதிரியைத் தேடினீர்கள். பெயர் அனுப்பின ஆளைத் தேடினீர்களா?

அக்னெஸ்


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
2024 பங்குனி 19

அக்னெஸ்,

தேடத் தேவையில்லாமல் போய்விட்டது. என்னிடமே இருந்தது.

நான் அந்த ஆலையூரில் எடுத்த படங்களில் ஒரு சின்னக் கல்லும் இருக்கிறது, முழங்கால் உயரம்கூட இல்லை. "ஜோசையா. ஆசா வெதர்பியினதும் மேர்சியினதும் ஒரே மகன். 1831இல் எட்டாம் வயதில் ஆலைக்குளத்தில் மூழ்கினான்." ஆசா என்பவர் ஜோனதனின் மகன். நான் அந்தப் பிள்ளையை வம்சமரத்தில் போட்டு, பக்கத்தில் கோடு கிழித்து மூடிவிட்டேன். பிள்ளை பெறாமல் செத்தவனை வைத்து வம்சம் தேடுகிறவன் என்ன செய்வான்? எங்களுக்குக் கோடு கீழே இறங்கவேண்டும். இறங்காத ஆளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

எங்கள் ஜோசையாவுக்கு ஞானஸ்நானம் 1833இல் என்று அப்பா எப்போதும் சொல்லுவார். மகன் போய் இரண்டு வருடம். மேர்சிக்கு அதற்குப் பிறகு ஆண்பிள்ளை இல்லை. பெட்டைகள் இரண்டு பேரும் கலியாணம் கட்டிப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அந்த ஊரில் வெதர்பி என்ற பெயர் அதோடு சரி. கூப்பிட ஆளில்லாமல் போன தன் பிள்ளையின் பெயரை அந்தத் தாய் கப்பலில் ஏற்றி எங்கள் ஊருக்கு அனுப்பியிருக்கிறாள். கையில் பிடித்துக் காட்ட ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் எனக்குச் சந்தேகமும் இல்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாட்சாயினி வந்து கணினியை மூடிவிட்டு, "போய்ச் சொல்லுங்கோ அந்த மனிசிக்கு" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் ஞாயிறு போனேன். கட்லற் தட்டை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாதிரி இல்லை, ரத்தம் இல்லை, மேர்சி, ஜோசையா, எல்லாம். எலினோர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "எப்போதிலிருந்து உனக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். செப்டம்பரிலிருந்து என்றேன். "எனக்குக் களைப்பாக இருக்கிறது" என்றார். அவ்வளவுதான். தட்டைத் தொடவில்லை.

போன ஞாயிறு திரும்பவும் போனேன். வாசலில் இருக்கிற பெட்டை, மடாம் எலினோர் இன்றைக்கு யாரையும் பார்க்கமாட்டா என்றாள். தட்டோடு காருக்குள் வந்து இருந்தேன்.

நீ சொன்னது சரி. உண்மையைச் சொல்லிவிட்டேன், இடமும் போய்விட்டது, மனிசியும் போய்விட்டது. கிழக்குச் சேமக்காலைக்கான தாளில் கையெழுத்து வைத்து இதோடு அனுப்புகிறேன். நீயும் வைத்துக் கொண்டுபோய்க் கொடு. நல்ல இடம்தான். பஸ் போகும்.

அண்ணன்


வில்லரே
2024 சித்திரை 7

அண்ணை,

அந்தத் தாளை நான் கொடுக்கவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டு நேரே எலினோரிடம் போனேன். உங்களைக் கேட்டுக்கொண்டு போகவில்லை, கேட்டால் விடமாட்டீர்கள். சண்டை தொடங்கினவள் நான், உங்களை அங்கே போய்ச் சொல்லவைத்தவளும் நான். அந்த மனிசியிடம் உங்களுக்காக ஒரு சொல் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது.

வாசலில் தங்கச்சி என்று சொன்னதும் உள்ளே விட்டார்கள். கிழவி இங்கிலிஸில் சொன்னதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"நீ தங்கச்சியோ? கட்லற் கொண்டுவந்தனியோ?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கு வந்தனி?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அண்ணை பொய்க்காரன் இல்லை, ஆசைப்பட்டுவிட்டார் என்றேன். அப்பாவின் கல்லறைக்கு நடந்ததையும் சொன்னேன். நீங்கள் சொல்லவில்லையாமே! பேந்து கிழவி பொரிந்து தள்ளியது.

"எனக்குக் கோபம் ரத்தம் இல்லை எண்டதுக்கு இல்லை. ஆறு மாசமா நான் நேர்ஸ்மாருக்கு 'கஸின், கஸின்' எண்டு சொல்லிக்கொண்டிருக்க, தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தவன் எல்லே! என்னை என்னெண்டு நினைச்சவன்? கண்ணாடி எண்டு நினைச்சவனோ, தொட்டால் உடைஞ்சு போவன் எண்டு?"

"அந்தக் கல்லில ஆரின்ர பேர் எல்லாம் இருக்கெண்டு கொண்ணன் வாசிச்சவனோ?" என்று கேட்டது. "ஆம்பிளையளின்ர பேரைத்தான் வாசிச்சிருப்பான். என்ர அம்மாவும் அதிலதான் கிடக்கிறா. ஐரிஷ் கத்தோலிக்கப் பெட்டை. கட்டிக்கொண்டு வந்து ரெண்டு வருசம் எங்கட வீட்டில ஒருத்தரும் அவவோடை கதைக்கேல்லை. அப்பம்மா ஸ்கொட்லாந்துக்காரி. அவைக்கு வெதர்பி ரத்தம் எங்கையிருந்து வந்தது? கட்டினதால பேர் வந்தது, பேர் வந்ததால இடம் வந்தது. உங்கட அம்மாவும் அப்பிடி வந்தவதானே? அவவுக்கு மட்டும் ஏன் ரத்தம் கேக்கிறியள்?"

அண்ணை, நீங்கள் ரத்தம் இருக்கிறது என்றீர்கள், நான் இல்லை என்றேன், அம்மாவின் ரத்தம் இதில் எங்கே வந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை.

பிறகு குரல் இறங்கிவிட்டது. "நான் தர்மம் செய்யேல்லை, பிள்ளை. நான் போனால் அந்தக் கல்லடிக்கு வர ஆரிருக்கினம்? உங்கட அம்மா அங்கை கிடந்தால் நீங்கள் வருவியள். வாற நேரம் எனக்கும் ஒரு பூ வைப்பியள். அதுக்குத்தான் கேட்டனான்" என்றது.

நான் எழும்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட ஜோசையா எத்தினை வயசுமட்டும் இருந்தவர்?" என்று கேட்டது. எழுபத்தெட்டு என்று அப்பா சொல்லுவார் என்றேன். பிள்ளைகள்? ஏழு என்றேன். கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை.

"மேர்சிக்கு ஆரும் அதை எழுதிப்போட்டிருப்பினமோ?" என்று கேட்டது.

எனக்குத் தெரியாது என்றேன். இரண்டு பேரும் அழுதோம். நேர்ஸ் வந்து என்னைத்தான் முறைத்தாள்.

மலைக்கான தாளில் கையெழுத்து வைத்துவிட்டேன். வருகிற ஞாயிறு நீங்கள் போங்கோ. கோபமாகத்தான் இருப்பா. ஏச்சு வாங்கிக்கொண்டு இருங்கோ, நல்லதுதான். கட்லற்றுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி அண்ணிக்குச் சொல்லுங்கோ, அவவுக்குப் பிரஷர்.

அக்னெஸ்


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
2024 சித்திரை 28

அன்புள்ள அக்னெஸ்,

வெள்ளிக்கிழமை குழி வெட்டுகிறார்கள், சனி காலை அடக்கம். அதற்கு முன் இதை எழுதிவிடவேண்டும், நேரில் சொன்னால் நீ சண்டை பிடிப்பாய்.

எலினோரிடம் போனேன். முதல் அரை மணித்தியாலம் கதிரை காட்டவில்லை, நின்றபடியே ஏச்சு வாங்கினேன். பேந்து, "இரு, ஏன் நிற்கிறாய்?" என்றார். தட்டு வெறுமையாகும் வரைக்கும் சாப்பிட்டார். இப்போது நேர்ஸ்மாருக்கு, "இவர் கஸின் இல்லை, இவர் என்னுடைய அரி" என்கிறார். முன்பைவிட இது எனக்கு நல்லாக இருக்கிறது. ஏன் என்று கேட்காதே, தெரியாது.

கல்லில் அம்மாவின் பெயரைத் தமிழிலும் வெட்டலாமா என்று கேட்டேன். "அவளுடைய பெயரை அவளுடைய எழுத்தில் வெட்டாமல்?" என்று அதற்கும் ஏச்சு. நேசம்மா வெதர்பி. கல் வெட்டுகிறவனுக்கு 'நே' வரவில்லை, மூன்று தரம் எழுதிக் காட்டினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று இடத்தில் ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எலினோருக்கு. மற்றதை என் பெயருக்கு எழுதித் தருகிறேன் என்றார். நான் உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

தாட்சாயினி என்னைக் கட்டின நாளிலிருந்து முருகன் பக்கம்தான், உனக்குத் தெரியும். எரித்து ஆற்றில் விடுங்கோ என்று சென் றெஜி றோட்டிலிருக்கிற கோயில் ஐயரிடம்கூடச் சொல்லிவைத்திருக்கிறாள். நாற்பது வருடம் அவளோடு இருந்துவிட்டு நான் மட்டும் மலையில் கிடந்து யாரோடு கதைப்பது? நானும் அவளோடு ஆற்றில் போய்விடுவேன். உன்னை விட்டுவிட்டுப் போன புருசன் உனக்கு ஒரு இடமும் பார்த்து வைக்கவில்லை. நீ அம்மாவுக்குப் பக்கத்தில் இரு.

நான் எவ்வளவு ஆசைப்பட்ட இடம் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் தருகிறேன்.

அண்ணன்


வில்லரே
2024 வைகாசி 8

அன்புள்ள அண்ணை,

சனிக்கிழமை மழையில் எல்லாரும் நின்றதால் உங்களோடு சரியாகக் கதைக்கவில்லை. போனில் உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன், எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லத் தொடங்கினால் அழுவேன், நீங்களும் அழுவீர்கள், அண்ணி இரண்டு பேருக்கும் ஏசுவா. எழுதுவதே சுகம்.

பெட்டி இறங்கினபிறகு சேமக்காலைக்காரன் குடும்ப ஆட்கள் முதலில் மண் போடுங்கள் என்றான். நான் போட்டேன், வினோஜா போட்டாள். எலினோரால் சக்கர நாற்காலியிலிருந்து குனிய முடியவில்லை. அவ ஒன்றும் சொல்லாமல் உங்களைப் பார்த்துக் கையை நீட்டினா. நீங்கள் ஈரமண்ணை அள்ளி அவவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, அந்தக் கையைப் பிடித்துக் குழிப்பக்கம் கொண்டுபோனீர்கள். இரண்டு பேரும் சேர்ந்துதான் போட்டீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இந்த மனிசனை நான் மூன்று மாதமாகப் போனில்கூட வரவிடாமல் வைத்திருந்தேனே என்று நினைத்தேன். அண்ணை, இந்த நாட்டில் எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பிறந்த ஆள் என்று இனி நீங்கள் ஒருத்தர்தான்.

அந்த இடத்தைப் பற்றி. வேண்டாம் என்று சொல்லி உங்கள் மனதை நோகடிக்க மாட்டேன். என்னை எங்கே போடுகிறது என்று வினோஜா பேந்து பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு இப்போதைக்குச் சாக நேரம் இல்லை. நீங்களும் ஆற்றில் போகிற கதையை விடுங்கோ.

வருகிற ஞாயிறு எலினோரிடம் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போங்கோ. முதலில் இங்கே சாப்பாடு. நண்டு வாங்கிவைத்திருக்கிறேன், அண்ணி சாப்பிடமாட்டா, அவவுக்கு மரக்கறி. வழக்கம்போலக் கீழே காரில் இருந்து ஹோன் அடிக்கவேண்டாம். படியேறி மேலே வாங்கோ.

தங்கச்சி
அக்னெஸ்